விருப்ப மனு முதல் பி படிவம் வரை: மக்களவை வேட்பாளர் எப்படித் தேர்வாகிறார்?

தேர்தல் சட்டத்தின் கண்ணில் ‘கட்சி வேட்பாளர்’ என்பவர் யார்? தலைமை வெளியிட்ட பட்டியலில் பெயர் வந்தவர் அல்ல. ஊரில் பட்டாசு வெடித்து, தலைவருக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டவரும் அல்ல. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் யார் பெயர் எழுதிக் கட்சி கையெழுத்திட்டுத் தந்த பி படிவம் தேர்தல் நடத்தும் அலுவலரின் கைக்குப் போய்ச் சேர்கிறதோ, அவர்தான். அதற்கு முன்னால் நடக்கும் விருப்ப மனு, நேர்காணல், ஆய்வுக் கூட்டம், டெல்லிப் பயணம் எல்லாம் கட்சியின் உள்வீட்டு விவகாரம். அவற்றை எப்படி நடத்த வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சிகளின் பதிவைப் பற்றிப் பேசுகிறது. அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்போம் என்று உறுதிமொழி கேட்கிறது. வேட்பாளரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்களா, தலைவர் ஒருவரே தீர்மானித்தாரா என்று கேட்பதில்லை. உட்கட்சி ஜனநாயகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999-இல் தந்த 170-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது அப்படியே கிடக்கிறது. ஜெர்மனியில் கட்சி உறுப்பினர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ ரகசிய வாக்கெடுப்பில்தான் வேட்பாளரைத் தேர்வு செய்ய வேண்டும் என்று தேர்தல் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. இங்கே சட்டம் கேட்பது ஒரு கையெழுத்து மட்டும். அந்தக் கையெழுத்தைப் போடும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, வேட்பாளர் தேர்வும் அவரிடம்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கட்சிகளின் நடைமுறையை, குறிப்பாக 2024 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. கூட்டணி நடந்துகொண்ட விதத்தை, படிப்படியாகப் பார்த்தால் இது விளங்கும்.

முதல் வடிகட்டி: எந்தத் தொகுதி யாருக்கு

வேட்பாளர் தேர்வு விருப்ப மனுவில் தொடங்குவதாகத்தான் பொதுவாக நினைக்கிறோம். கூட்டணி அரசியல் நடக்கும் மாநிலத்தில் பாதித் தேர்வு தொகுதிப் பங்கீட்டிலேயே முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 39 தொகுதிகள், புதுச்சேரியில் ஒன்று. அவற்றில் திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம், நீலகிரி, தென்காசி ஆகிய 7 தனித் தொகுதிகள். இந்த 40-ஐத்தான் கூட்டணிக்குள் பிரிக்க வேண்டும்.

2024-இல் தி.மு.க. தனக்கு 21 வைத்துக்கொண்டது. காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் 9, புதுச்சேரி 1. இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் விடுதலைச் சிறுத்தைகளுக்கும் தலா 2. ம.தி.மு.க., இந்திய யூனியன் முஸ்லிம் லீக், கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி ஆகியவற்றுக்குத் தலா 1. டி.ஆர். பாலு தலைமையில் பேச்சுவார்த்தைக் குழு ஜனவரியிலேயே அமைக்கப்பட்டது. சிறிய கட்சிகளோடு பிப்ரவரி கடைசியிலும் மார்ச் 8 அன்றும், காங்கிரசோடு மார்ச் 9 அன்றும் உடன்பாடு கையெழுத்தானது. காங்கிரஸ் உடன்பாட்டில் இருந்தது எண்ணிக்கை மட்டுமே. அந்தக் கட்சிக்கு எந்தெந்தத் தொகுதி என்பது மார்ச் 18-க்குத்தான் முடிவானது.

எண்ணிக்கைக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் இடையிலுள்ள இந்த ஒன்பது பத்து நாட்களில்தான் பலருடைய சீட்டு கிழிகிறது. 2019-இல் காங்கிரசிடம் இருந்த ஆரணி, திருச்சி, தேனி ஆகிய மூன்றும் 2024-இல் கைமாறின. பதிலுக்கு அந்தக் கட்சிக்குக் கிடைத்தவை கடலூர், மயிலாடுதுறை, திருநெல்வேலி. ஆரணியிலும் திருச்சியிலும் உட்கார்ந்திருந்த காங்கிரஸ் எம்.பி.க்களின் வேலைத்திறனை யாரும் எடைபோட வேண்டிய தேவையே எழவில்லை, தொகுதியே போய்விட்டது; ஆரணிக்காரர் கடலூருக்கு மாறி நின்றார். மறுபுறம் கடலூர், மயிலாடுதுறை, திருநெல்வேலி தி.மு.க. எம்.பி.க்களுக்கும் அதே கதி. தேனி, 2019-இல் அந்தக் கூட்டணி தோற்ற ஒரே தொகுதி. அதைத் தி.மு.க. தானே எடுத்துக்கொண்டு தங்க தமிழ்ச்செல்வனை நிறுத்தியது. கோவையை மார்க்சிஸ்ட் கட்சியிடமிருந்து வாங்கிக்கொண்டு, தான் வைத்திருந்த திண்டுக்கல்லைக் கொடுத்தது. பா.ஜ.க.வின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை கடைசியில் கோவையில்தான் நின்றார். அங்கே தி.மு.க. இறக்கியது கணபதி ராஜ்குமாரை. அ.தி.மு.க.வில் இருந்தபோது கோவையின் மேயராக இருந்தவர். எதிரணியின் வாக்குகளை உள்ளிருந்தே அறிந்தவர் என்ற கணக்கு அதில் தெரிந்தது.

கூட்டணிக் கட்சி எந்தச் சின்னத்தில் நிற்கும் என்பதும் இந்தக் கட்டத்திலேயே பேசப்படும். 2019-இல் ம.தி.மு.க., விடுதலைச் சிறுத்தைகள், கொ.ம.தே.க., இந்திய ஜனநாயகக் கட்சி ஆகியவற்றின் ஆட்கள் நான்கு பேர் உதயசூரியனில் நின்று வென்றார்கள். சின்னங்கள் ஆணை 1968-இன் 13-ஆவது பத்திப்படி, ஒரு கட்சியின் சின்னத்தில் நிற்பவர் அந்தக் கட்சியின் உறுப்பினராக இருக்க வேண்டும். உறுப்பினர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். ஆகவே அந்த நால்வரும் மக்களவைக் கணக்கில் தி.மு.க. உறுப்பினர்கள். அந்தக் கட்சியின் கொறடா உத்தரவு அவர்களையும் கட்டுப்படுத்தும். பெரிய கட்சிக்கு இதில் லாபம் வெளிப்படை. தெரிந்த சின்னம் என்பதால் சிறிய கட்சிக்கு வெற்றி வாய்ப்பு கூடும். ஆனால் வாங்கிய வாக்குகள் அதன் கணக்கில் ஏறாது, அங்கீகாரம் தள்ளிப்போகும். 2024-இல் திருச்சியில் ம.தி.மு.க.வின் துரை வைகோ உதயசூரியன் வேண்டாம் என்றார். ஒரே தொகுதியில் நிற்கும் கட்சிக்கு அதன் பழைய சின்னமான பம்பரத்தை ஒதுக்கத் தேர்தல் ஆணையம் மறுத்தது. கடைசியில் தீப்பெட்டிச் சின்னத்தில் நின்றார்.

விருப்ப மனு: படிவம் 2,000, கட்டணம் 50,000

2024-இல் தி.மு.க. விண்ணப்பப் படிவத்தை 2,000 ரூபாய்க்கு விற்றது. பூர்த்தி செய்து கொடுக்கும்போது 50,000 ரூபாய் கட்ட வேண்டும். மனுக்கள் மார்ச் முதல் வாரத்தில் அண்ணா அறிவாலயத்தில் பெறப்பட்டன. மக்களவைத் தேர்தலில் நிற்க அரசுக்குக் கட்டும் வைப்புத் தொகை 25,000 ரூபாய்தான்; பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 12,500. அதாவது நாட்டுக்குக் கட்டுவதைப்போல இரண்டு மடங்கைக் கட்சிக்குக் கட்டித்தான் வரிசையிலேயே நிற்க முடியும்.

படிவத்தில் கேட்பவை ஏறக்குறைய எல்லாக் கட்சிகளிலும் ஒன்றுதான்: எந்தத் தொகுதி, கட்சியில் சேர்ந்த ஆண்டு, வகித்த பொறுப்புகள், போராட்டங்களில் சிறை சென்ற விவரம், முன்பு போட்டியிட்ட தேர்தல்கள், கல்வி, தொழில், சாதி. சாதியைக் கேட்பதில் தனித் தொகுதிகளுக்குச் சட்டக் காரணம் உண்டு. மற்ற தொகுதிகளில் ஏன் என்று எந்தக் கட்சியும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

மனு கொடுக்கும் எல்லாரும் சீட் கேட்டுக் கொடுப்பதில்லை. மாவட்டத்தில் தன் பெயர் பேசப்பட வேண்டும் என்பதற்காகக் கொடுப்பவர்கள் உண்டு. உள்ளாட்சித் தேர்தலில் ஏதாவது கேட்கும்போது ‘அப்போதே மனு கொடுத்தேன்’ என்று சொல்லிக்கொள்ளவும் கொடுப்பார்கள். தலைவர் பெயரிலோ தலைவரின் பிள்ளை பெயரிலோ மனு கொடுப்பது தனிப் பிரிவு. அதில் போட்டி, யார் அதிக மனு கொடுத்தார் என்பதுதான். இவற்றையெல்லாம் கழித்தபின் ஒரு தொகுதிக்கு உண்மையாகப் பரிசீலிக்கப்படுவது மூன்று நான்கு பெயர்கள்.

நேர்காணல் மார்ச் 10 அன்று நடந்தது. தொகுதிவாரியாக விண்ணப்பித்தவர்களையும் அந்த மாவட்டச் செயலாளர்களையும் உள்ளே அழைப்பார்கள். ஒரு தொகுதிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். இவ்வளவு நேரத்தில் ஒரு புதிய ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அது நோக்கமும் அல்ல. ‘யாருக்குக் கொடுத்தாலும் சேர்ந்து வேலை செய்வோம்’ என்று தலைவர் முன்னால், மற்ற விண்ணப்பதாரர்கள் காதுபட ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வாங்குவதே அந்த அறையில் நடக்கும் உருப்படியான காரியம். பிறகு உள்ளடி வேலை பார்த்தால் இந்த வாக்குறுதியை எடுத்துக் காட்டலாம்.

உண்மையான எடைபோடல் அதற்கு முன்பே முடிந்திருக்கும். தி.மு.க. ஜனவரி பிற்பாதியிலேயே கே.என். நேரு, ஆர்.எஸ். பாரதி, எ.வ. வேலு, தங்கம் தென்னரசு, உதயநிதி ஆகியோர் கொண்ட ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தது. ஒவ்வொரு தொகுதியின் நிர்வாகிகளையும் அறிவாலயத்துக்கு வரவழைத்துப் பேசினார்கள். அந்தக் கூட்டங்களில் நிர்வாகிகள் சொன்ன குறைகளும், தனியார் நிறுவனங்களின் கணிப்புகளும், ஆளுங்கட்சி என்றால் காவல்துறை உளவுப் பிரிவின் தகவலும்தான் தலைமையின் மேசையில் இருக்கும். மார்ச் 20 அன்று 21 பெயர்களும் தேர்தல் அறிக்கையும் ஒன்றாக வெளிவந்தன.

மேசையில் எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்

தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதி என்பது ஆறு சட்டமன்றத் தொகுதிகள். இந்த ஆறும் பெரும்பாலும் கட்சி அமைப்பில் இரண்டு, மூன்று மாவட்டச் செயலாளர்களுக்குக் கீழே வரும். வேட்பாளர் ஒருவரின் ஆளாக இருந்தால் மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆகவே எல்லாருக்கும் வேண்டியவர் வருவதைவிட யாருக்கும் ஆகாதவர் வராமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். தஞ்சாவூரில் ஆறு முறை வென்ற எஸ்.எஸ். பழனிமாணிக்கத்தை விட்டுவிட்டு, ஒன்றியச் செயலாளராக இருந்த ச. முரசொலிக்குக் கொடுத்தது இதனால்தானா என்று கட்சி சொல்லவில்லை. ஆனால் நீண்டகாலம் இருந்தவருக்கு எதிராகச் சேர்ந்திருக்கும் மனத்தாங்கல்களைக் கழிக்க, பெரிய கோஷ்டி இல்லாத ஒரு கீழ்மட்டப் பொறுப்பாளரை மேலே ஏற்றுவது எல்லாக் கட்சிகளிலும் பார்க்கக் கிடைக்கும் உத்தி. தர்மபுரி, சேலம், கள்ளக்குறிச்சி, பொள்ளாச்சி, தென்காசி ஆகியவற்றிலும் 2024-இல் சிட்டிங் எம்.பி.க்களுக்கு மறுபடி வாய்ப்புக் கிடைக்கவில்லை.

சாதிக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். தொகுதியில் எண்ணிக்கை மிகுந்த சமூகத்திலிருந்து ஆள் நிறுத்துவது அதில் பாலபாடம் மட்டுமே. எதிரணியும் அதையே செய்தால் அந்த வாக்குகள் பிரிந்துவிடும். அப்போது இரண்டாம், மூன்றாம் சமூகங்களின் சாய்வுதான் முடிவைத் தரும். அதோடு மாநிலம் முழுவதையும் ஒரு பட்டியலாக வைத்துப் பார்க்க வேண்டும். வடமாவட்டங்களில் ஒரு சமூகத்துக்கு இத்தனை, மேற்கில் இத்தனை, தெற்கில் இத்தனை என்று கூட்டிக் கழித்து, விடுபட்ட சமூகத்துக்கு எங்கே இடம் கொடுப்பது என்று தேடுவார்கள். தன் தொகுதியில் எல்லாத் தகுதியும் இருந்தும் ஒருவருக்குச் சீட் கிடைக்காமல் போக, பக்கத்துத் தொகுதியில் அதே சமூகத்தவருக்குக் கொடுத்துவிட்டதே காரணமாக இருக்கும்.

அடுத்தது ‘வைட்டமின் ப’, அதாவது பணம். மக்களவை வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 2022 முதல் 95 லட்சம் ரூபாய். வேட்புமனுத் தாக்கல் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை அவர் கணக்கில் வரும் செலவுக்குத்தான் அந்த வரம்பு. கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை. 2019 தேர்தலுக்குப்பின் தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் தந்த கணக்கில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி, கொ.ம.தே.க.வுக்கு 15 கோடி கொடுத்ததாகக் காட்டியிருந்தது. முதல் இரண்டும் தலா இரண்டு தொகுதிகளில் நின்ற கட்சிகள், மூன்றாவது ஒரே தொகுதியில். உச்சவரம்பு எவ்வளவு தூரம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்பதைக் கட்சிகளே தந்த இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. ‘எவ்வளவு செலவு செய்வீர்கள்?’ என்ற கேள்வி வேட்பாளர் தேர்வில் ஏன் அடிபடுகிறது என்பதும் புரியும். ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் முகவர், அவருக்குச் சாப்பாடு, வண்டிக்கு எண்ணெய் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் கைக்காசு இல்லாத தொண்டர் மலைத்துப்போவார். கல்லூரி நடத்துபவர், கட்டுமானத் தொழில் செய்பவர், அமைச்சரின் மகன் ஆகியோர் பட்டியலில் அடிக்கடி வருவதன் காரணத்தில் பெரும்பங்கு இதுதான்.

பெண்கள் விஷயம் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடக்கூடியது, அதுவே வருத்தம். தி.மு.க.வின் 21 பேரில் மூவர்: கனிமொழி, தமிழச்சி தங்கபாண்டியன், ராணி ஸ்ரீகுமார். தமிழ்நாட்டின் 39 எம்.பி.க்களில் பெண்கள் 5 பேர். மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 106-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2023-இல் நிறைவேறியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமல் என்ற நிபந்தனையோடுதான் வந்தது. எந்தக் கட்டாயமும் இல்லாமலே 40-இல் 20 பெண்களை நிறுத்தியது நாம் தமிழர் கட்சி. தனித்து நிற்பதால் யாரோடும் தொகுதி பேச வேண்டியதில்லை என்ற வசதி அதற்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மற்ற கட்சிகளில்

ஜெயலலிதா காலத்து அ.தி.மு.க. இந்த நடைமுறையின் மறுகோடி. 2014 பிப்ரவரி 24, அவருடைய பிறந்தநாளன்று, தேர்தல் அட்டவணை வருவதற்கு முன்பே 40 தொகுதிகளுக்கும் வேட்பாளரை அறிவித்தார். கூட்டணி பேசிக்கொண்டிருந்த கம்யூனிஸ்டுகள் வெளியேற வேண்டியதாயிற்று. 39-இல் 37 வென்றார். ஒருவர் கையெழுத்து மட்டும் போதும் என்ற சட்டநிலையை அதன் முழு அளவுக்குப் பயன்படுத்தியவர் அவர்.

காங்கிரசிலும் பா.ஜ.க.விலும் மாநிலத் தேர்தல் குழு தொகுதிக்கு இரண்டு மூன்று பெயர்களை அனுப்பும், டெல்லியில் மத்தியத் தேர்தல் குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். காங்கிரசில் இடையில் ஒரு பரிசீலனைக் குழுவும் உண்டு. இந்த அடுக்குகளால் நேரம் போகும். மார்ச் 27 கடைசி நாள் என்றிருந்த நிலையில் மயிலாடுதுறைக்கு ஆர். சுதாவின் பெயரைக் காங்கிரஸ் அறிவித்தது மார்ச் 26 அன்று. வேட்பாளர் விளம்பரம் எழுதச் சுவர் பிடிப்பது இருக்கட்டும், வழக்கறிஞரை உட்கார்த்திப் பிரமாணப் பத்திரம் தயாரிக்கவே ஒரு நாள்தான் இருந்தது. இருந்தும் வென்றார், அது கூட்டணியின் பலம்.

2014-இல் ராகுல் காந்தி முன்னெடுப்பில் நாட்டின் சில தொகுதிகளில் கட்சியினரே வாக்களித்து வேட்பாளரைத் தேர்வு செய்யும் சோதனையைக் காங்கிரஸ் நடத்தியது. வதோதராவில் அப்படி வென்றவர், அங்கே நரேந்திர மோடி நிற்கிறார் என்றானதும் விலகிக்கொள்ள, மதுசூதன் மிஸ்திரியைத் தலைமை நிறுத்தியது. உறுப்பினர் வாக்கைவிடத் தலைமையின் உத்தி கனமானது என்பது அதோடு தெளிவாகிவிட்டது. கம்யூனிஸ்ட் கட்சிகளில் சீட் கேட்டு மனுப் போடும் வழக்கமே இல்லை. மாநிலக் குழு முடிவு செய்யும், மேல்குழு ஒப்புதல் தரும்.

ஏ படிவம், பி படிவம்

பெயர் அறிவித்தாகிவிட்டது. இனிமேல்தான் சட்டத்தின் கணக்கு ஆரம்பம்.

ஏ படிவத்தில் கட்சி சொல்வது: ‘எங்கள் சார்பில் வேட்பாளர் பெயரைத் தெரிவிக்க இன்னாருக்கு அதிகாரம், அவருடைய மாதிரிக் கையெழுத்து இது.’ அந்த அதிகாரம் பெற்றவர், ‘இந்தத் தொகுதியில் எங்கள் வேட்பாளர் இவர், இவர் மனு தள்ளுபடியானால் மாற்று இவர்’ என்று கையெழுத்திட்டுத் தருவது பி படிவம். இரண்டும் மையால் கையெழுத்திட்ட அசலாக இருக்க வேண்டும். ரப்பர் முத்திரை, நகல், தொலைநகல் செல்லாது. அதனால்தான் பெரிய கட்சிகள் படிவங்களை ஆள் மூலமாகக் கொடுத்தனுப்புகின்றன. கடைசி நேரம்வரை பி படிவத்தைத் தலைமை கையிலேயே வைத்திருப்பதும் உண்டு. முன்கூட்டிக் கொடுத்துவிட்டால் ஆளை மாற்றுவது சிரமம் என்பதே காரணம்.

மாற்ற வழி இருக்கிறது. முந்தைய பி படிவத்தை ரத்து செய்கிறோம் என்று தெளிவாக எழுதி, அதே கடைசி நாள் 3 மணிக்குள் புதிய பி படிவம் கொடுக்கலாம். ரத்து என்று எழுத மறந்து இரண்டு பேருக்கு இரண்டு பி படிவம் போய்விட்டால், முதலில் வேட்புமனு தந்தவர்தான் கட்சி வேட்பாளர். இந்த ஒரு வரிக்காகத்தான் பி படிவம் கைக்கு வந்த அன்றே நல்ல நேரம்கூடப் பார்க்காமல் சிலர் தாக்கல் செய்ய ஓடுகிறார்கள்.

நாமக்கல்லில் 2024-இல் நடந்ததைப் பாருங்கள். கொ.ம.தே.க. முதலில் அறிவித்த வேட்பாளர் சாதி மறுப்புத் திருமணங்களைப் பற்றி முன்பு பேசிய காணொளி பரவியது. தாக்கல் தொடங்கியிருந்த நிலையில் இரண்டொரு நாளில் அவரை மாற்றி வி.எஸ். மாதேஸ்வரன் என்று அறிவித்தார்கள். உதயசூரியனில் நிற்கும் வேட்பாளர் என்பதால் படிவத்தில் கையெழுத்து தி.மு.க.வுடையது. பழைய காணொளிகளையும் சமூக ஊடகப் பதிவுகளையும் தேடிப் பார்ப்பது பெயர் அறிவிக்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலை. எதிரணி அதைப் பின்னால் செய்தது.

கையெழுத்திடும் அதிகாரமே தகராறானால் என்ன ஆகும் என்பதற்கு அ.தி.மு.க.வே சாட்சி. 2022 ஜூலையில் உள்ளாட்சி இடைத்தேர்தல்களில் ஒருங்கிணைப்பாளர் ஓ. பன்னீர்செல்வம், இணை ஒருங்கிணைப்பாளர் எடப்பாடி பழனிசாமி இருவரின் கையெழுத்தும் சேராததால் அந்தக் கட்சியினர் இரட்டை இலை இல்லாமல் நிற்க நேர்ந்தது. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் விவகாரம் உச்ச நீதிமன்றம் போயிற்று. பொதுக்குழுவே வேட்பாளரை முடிவு செய்யட்டும் என்று பிப்ரவரி 3 அன்று நீதிமன்றம் சொல்ல, அவைத்தலைவர் தமிழ்மகன் உசேன் வழியாகப் பொதுக்குழு உறுப்பினர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, கே.எஸ். தென்னரசுக்கு இரட்டை இலை கிடைத்தது. நீதிமன்றம் கட்டாயப்படுத்தியதால் நடந்த அது, ஒரு திராவிடக் கட்சியின் வேட்பாளருக்குப் பொதுக்குழு ஒவ்வொருவராக ஆதரவு தெரிவித்த அபூர்வ நிகழ்ச்சி.

வழக்கு நிலுவையில் உள்ளவரை நிறுத்தினால் கட்சிக்குத் தனி வேலை உண்டு. 2020 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவின்படி, தேர்வு செய்த 48 மணி நேரத்துக்குள் வழக்கு விவரங்களையும், வழக்கு இல்லாத வேறொருவரை ஏன் தேர்வு செய்யவில்லை என்ற காரணத்தையும் இணையதளத்திலும் நாளிதழ்களிலும் வெளியிட வேண்டும். 72 மணி நேரத்தில் ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும். ‘வெற்றி வாய்ப்பு’ மட்டும் காரணமாகாது என்றும் நீதிமன்றம் சொன்னது. பீகார் தேர்தலில் இதைச் சரிவரச் செய்யாததற்காக 2021 ஆகஸ்டில் எட்டுக் கட்சிகளுக்கு அபராதம் விழுந்தது; அதிகபட்சம் 5 லட்சம். அதன்பின் கட்சிகள் விளம்பரம் தருகின்றன. ‘மக்கள் பணியில் ஆர்வமுள்ளவர்’, ‘அரசியல் காழ்ப்பால் போடப்பட்ட வழக்கு’ போன்ற அச்சடித்த காரணங்களோடு.

எங்கே சறுக்குகிறது

வேட்புமனு சிறு விஷயத்தில் விழும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் முன்மொழிய ஒருவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர். அவர்கள் அந்தத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை தரலாம். விவரம் தெரிந்தவர்கள் நான்கையும் வெவ்வேறு முன்மொழிபவர்களைக் கொண்டு தருவார்கள், ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது காப்பாற்றும் என்று. வேறு தொகுதியில் வாக்கு உள்ளவர் தன் பெயருள்ள வாக்காளர் பட்டியலின் சான்றளிக்கப்பட்ட நகலை இணைக்க வேண்டும். 26-ஆம் எண் பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. பொருந்தாவிட்டால் ‘இல்லை’ என்றோ ‘பொருந்தாது’ என்றோ எழுத வேண்டும். அரசுக் குடியிருப்பில் இருந்தவர் பாக்கியில்லைச் சான்று வாங்க வேண்டும். முன்னாள் எம்.பி.க்கள் அலைவது இந்தச் சான்றுக்குத்தான்.

2024-இல் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் சமாஜ்வாதி வேட்பாளரின் மனு விழுந்தது. ஓரிடத்தில் கையெழுத்து இல்லை, இணைத்த வாக்காளர் பட்டியல் நகலும் சரியில்லை என்பது காரணம். சூரத்தில் காங்கிரஸ் வேட்பாளரை முன்மொழிந்தவர்களே ‘இது எங்கள் கையெழுத்து இல்லை’ என்றார்கள். மாற்று வேட்பாளரின் மனுவும் அப்படியே போயிற்று. மற்றவர்கள் விலக, பா.ஜ.க. வேட்பாளர் போட்டியின்றி எம்.பி. ஆனார். இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் வாபஸ் பெறும் கடைசி நாளில் விலகிப் பா.ஜ.க. பக்கம் போய்விட்டார். மாற்று வேட்பாளரைக் கட்சியின் ஆளாக ஏற்கும் கட்டம் கடந்துவிட்டது. கட்சிக்கு அங்கே ஆளே இல்லை. அந்தத் தொகுதியில் நோட்டாவுக்கு 2,18,674 வாக்குகள் விழுந்தன.

தமிழ்நாட்டில் மாற்று வேட்பாளராக மனைவி, மகன், தம்பி என்று வீட்டு ஆளையே நிறுத்துவது இந்த பயத்தால்தான். ஒரே ஒருவர் முன்மொழிந்த மனு என்பதால், அசல் வேட்பாளரின் மனு ஏற்கப்பட்டதும் அது தானாகத் தள்ளுபடியாகிவிடும். கட்சியில் வேறொருவரை மாற்றாகப் போட்டால், அசல் மனுவில் ஓட்டை தேடும் முதல் ஆள் அவராகவே இருக்கக்கூடும் என்ற சந்தேகம் யாருக்கும் போவதில்லை.

பி படிவம் இல்லாதவருக்கு என்ன மிச்சம் என்பதை 2024-இல் இராமநாதபுரத்தில் பார்க்க முடிந்தது. மூன்று முறை முதலமைச்சராக இருந்த ஓ. பன்னீர்செல்வம், பா.ஜ.க. கூட்டணி ஆதரவோடு, சுயேச்சையாகப் பத்து முன்மொழிபவர்களைக் காட்டி மனுத் தாக்கல் செய்தார். இரட்டை இலைக்கான பி படிவம் எடப்பாடி பழனிசாமி நிறுத்தியவரிடம் இருந்தது. பன்னீர்செல்வம் என்ற அதே பெயரில் இன்னும் சிலர் மனுப் போட்டார்கள். அவருக்குக் கிடைத்தது பலாப்பழச் சின்னம். பிரசாரத்தின் பெரும்பகுதியை அவர் ஆதரவாளர்கள், ‘எங்கள் பன்னீர்செல்வம் பலாப்பழம்’ என்று விளக்குவதிலேயே செலவிட வேண்டியதாயிற்று. இரண்டாம் இடம் வந்தார்.